முன்னோட்டம் மட்டும்

எங்களூர் அரங்கின் நெற்றியில்
வெள்ளிக்கிழமைதோறும் எழுத்து மாற்றுவது என் வேலை.
பதினெட்டு அடிக் கழி, நுனியில் ரப்பர் உறிஞ்சி.
மூக்கில் வடிவது மீசைக்கு வருவதற்குள் உறைந்துபோகும்.
தெருமுனையில் சுப்பீரியர் ஏரி
யார்மேலோ கோபமாக இருக்கிறது.

எம் உடைந்து நாலு வருஷம்.
டபிள்யூவைத் தலைகீழாக மாட்டிச் சமாளிக்கிறேன்.
ஈ எட்டே எட்டு,
அதிலும் ஒன்று குளிரில் அடிக்கடி செத்து விழும்.
படம் எடுப்பவர்களிடம் யாராவது சொன்னால் தேவலை,
தலைப்பைக் கொஞ்சம் சுருக்குவார்கள்.

இந்தப் பண்டிகைக்கு வருவதில்
செவ்வாய்ச் சண்டை ஐந்தாம் பாகம் உண்டு.
நாலாம் பாகத்தில் செத்த அத்தனை பேரும்
இதிலும் இருக்கிறார்கள்.
கலைமானுக்குச் சளி பிடிக்கும் பொம்மைப் படம் ஒன்று;
பள்ளி பஸ் ஓட்டும் ரோலண்ட் கெஸ்கினென்
நவம்பரிலிருந்தே அதைச் சொல்லித்தான்
நாலு பிள்ளைகளையும் மிரட்டுகிறான்.
பேக்கரி லோரீன் காத்திருப்பது நியூயார்க் காதலுக்கு.
"அதே பனிதான், அதே கோட்டுதான்.
அவர்களுக்கு மட்டும் வழுக்குவதே இல்லை" என்பாள்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

அப்புறம் ஒரு கலங்கரை விளக்கப் படம்.
மூன்று மணி நேரம், பேச்சு குறைவு.
அதற்கு இந்த ஊரில் ஒரே ஆள்:
வெர்னா லாம்பினென்.

தினமும் ஆறரைக் காட்சிக்கு முழு டிக்கெட்.
ஆறாம் வரிசை, ஓரம். கோட்டைக் கழற்றமாட்டாள்.
விளக்கு அணையும்.
கலைமான் தும்மும். ஒரு கோள் வெடிக்கும்.
பிறகு சாம்பல் அலை,
மஞ்சள் மழைக்கோட்டில் ஆறு பேர்
படகைத் தண்ணீருக்குள் தள்ளுவார்கள்.
இடமிருந்து மூன்றாவது முதுகு
அவள் மகன் கர்டிஸ்.

இரண்டு விநாடி.
எண்ணிப் பார்த்தேன், இரண்டுகூட இல்லை.
"முகமே தெரியவில்லையே?"
"வலது தோளைத் தூக்கியே நடப்பான்.
ஹாக்கியில் முறிந்தது. இங்கேதான், நம் ரிங்கில்."
கலிபோர்னியா போய் ஒன்பது வருஷம்,
போன் எண் மாறி ஆறு.
முன்னோட்டம் முடிந்ததும் எழுந்து போய்விடுவாள்,
அன்றைய படம் என்னவென்றுகூடக் கேட்காமல்.

ஒருநாள் காசு வேண்டாம் என்றேன்.
சில்லறையை மேஜையில் அடித்து வைத்தாள்:
"அவன் வேலை பார்த்திருக்கிறான்.
இனாமாகப் பார்க்க நான் யார்?"

இருபத்து மூன்றாம் தேதி, பனியில் இரண்டு முறை புதைந்து,
கூரியர் வேன் ஆரஞ்சுப் பெட்டியைக் கொண்டுவந்தது.
அன்றிரவு தனியாகப் போட்டுப் பார்த்தேன்.
மணி அடிக்கிறது. விளக்கு சுழல்கிறது.
தாடிக்காரன் ஒருவன் இருபது நிமிஷம் கயிறு திரிக்கிறான்.
படகு வரவில்லை.
இன்னொரு முறை ஓட்டினேன், விடியும்வரை.
முன்னோட்டத்தில் காட்டியதை
படத்தில் வெட்டிவிட்டார்கள்.

கழியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.
'விரைவில்' என்ற சொல்லைக் கழற்ற வேண்டும்.
கை வரவில்லை, குளிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகைக்கு மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள்.
படத்துக்கு முன்னால்
அதே படத்தின் முன்னோட்டத்தைப் போட்டேன்.
பின்வரிசையில் ரோலண்ட் சிரித்தான்,
"டேய், இதுக்குத்தானே வந்திருக்கோம்!"
மஞ்சள் முதுகுகள். படகு. தோள்.
வெர்னா எழுந்துகொள்ளவில்லை.
மூன்று மணி நேரமும் இருந்தாள்.

வெளியே வந்து கையுறையை இழுத்து மாட்டியபடி,
"நீளம் ஜாஸ்தி" என்றாள்.
பிறகு அண்ணாந்து பலகையைப் பார்த்து,
"உன் எம் தலைகீழாக இருக்கிறது."

நாளை ஆறரைக்குக்
கலைமான் படம்தான்.
அதற்கு முன்னால் என்ன ஓட்டுவது என்பது
என் இஷ்டம்.